மஞ்சள் கோடு போட்ட கட்டைகள்

குகநேசன் வேலை செய்த ரயில் பாதையின் நீளம் பத்தொன்பது கிலோமீற்றர். நோர்வேயில், லில்லஸ்திரோமுக்கு அப்பால் பெரிய பாதையிலிருந்து பிரிந்து, ஊசியிலைக் காட்டுக்குள் நுழைந்து, ஒரு மர ஆலையின் முற்றத்தில் போய் முட்டி நின்றுவிடும். அதில் ஆட்கள் ஏறும் ரயில் நின்று முப்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் ஒரு சரக்கு ரயில் வெறும் பெட்டிகளோடு உள்ளே போய் மரம் ஏற்றிக்கொண்டு வெளியே வரும், அவ்வளவுதான். அதுவும் எத்தனை நாளைக்கு என்று யாருக்கும் தெரியாது. ஆலைக்கும் பாதையை நடத்திய சின்னக் கம்பனிக்கும் இடையிலான ஒப்பந்தம் 2006 டிசம்பரோடு முடிகிறது. அதைப் புதுப்பித்தால் பாதை இருக்கும். இல்லாவிட்டால் மரம் லொறியில் போகும், பாதையைக் காடு மூடும்.

பாதையைப் பார்த்துக்கொள்ள இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் குகநேசன். மற்றவன் ஊட்வார் என்ற நோர்வேக்காரன். இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது, நாற்பத்து நான்கு, நாற்பத்தைந்து. ஊட்வாரின் வீடு ஏழாவது கிலோமீற்றரில், தண்டவாளத்திலிருந்து இருபது அடி தள்ளி இருந்தது. குகநேசன் ஒஸ்லோவின் ஓரத்தில், வெஸ்ட்லியில் ஒரு அடுக்குமாடியின் பத்தாம் மாடியில் இருந்தான். விடியமுன் முதல் மெட்ரோவைப் பிடித்து, ஒஸ்லோ நடு ஸ்டேஷனில் ரயில் மாறி வந்து இறங்குவான். ஊட்வார் கம்பனியின் வான் வண்டியோடு காத்திருப்பான். இந்த வேலைக்கு வருவதற்கு முன் எட்டு வருடம் சாப்பாட்டுக் கடைகளில் கோப்பை கழுவியவன் குகநேசன். ஈரம் ஊறி வெளுத்துக் கிடந்த கைகளில் இந்தப் பாதைக்கு வந்த பிறகுதான் காய்ப்பு விழுந்தது. அந்தக் காய்ப்பைத் தடவிப் பார்ப்பதில் அவனுக்கு ஒரு இரகசியச் சந்தோசம் இருந்தது. மனைவி மங்களேஸ்வரிக்குக்கூட அதைச் சொன்னதில்லை.

பாதையின் வியாதி சிலிப்பர் கட்டைகள். தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் மரக்கட்டைகள் அறுபதுகளில் போட்டவை, உள்ளே உக்கிப்போயிருந்தன. கம்பனி வருடத்துக்கு முந்நூறு புதுக் கட்டை தரும். இருந்ததோ முப்பதினாயிரம். ஆகவே எதை மாற்றுவது என்று தெரிவதுதான் வேலை. மூன்று கட்டையில் ஒன்று நல்லதென்றால் தண்டவாளம் விலகாது. அடுத்தடுத்து மூன்றும் உக்கிவிட்டால் பெட்டி சரியும். குகநேசன் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவான். சத்தத்திலேயே உள்ளே மரமா மாவா என்று தெரிந்துவிடும். "எதை?" என்று ஊட்வார் கேட்பான். குகநேசன் யோசிக்காமல் காலால் காட்டுவான். ஏழு வருடத்தில் ஒரு பெட்டி தடம் புரண்டதில்லை.

ஒவ்வொரு வருடமும் அலுவலகத்துக்குப் போகும் தாளில் ஊட்வார் எழுதுவது ஏறக்குறைய ஒரே எண்தான். பழுதான கட்டைகள் முந்நூற்று இருபது, முந்நூற்று முப்பது. மாற்றக்கூடியதற்கு மேல் கொஞ்சம். குகநேசனுக்கு இது பிடிக்காது. உண்மையில் எத்தனை என்று அவனுக்கும் தெரியும், ஊட்வாருக்கும் தெரியும். பிறகேன் மறைப்பது?

மறைப்பதைப் பற்றி அவனுக்குச் சொந்த அனுபவம் இருந்தது. எண்பத்தெட்டில் அகதி விசாரணைக்குப் போவதற்கு முந்தின நாள், அவனுக்கு முன்னரே வந்து திராமனில் இருந்த பழைய சினேகிதன் ஸ்ரனிஸ்லாஸ் அகதி முகாமுக்கு வந்து சொல்லிக்கொடுத்தான்.

"வெக்கப்படாதை மச்சான். சேட்டைக் கழட்டிக் காட்டு. ஒரு காயத்தையும் விடாதை. காட்டாதது இவங்களுக்கு நடக்காததுதான்."

குகநேசன் காட்டினான். முதுகில் இருந்த சூட்டுத் தழும்புகள், வளைந்து ஒட்டிய விரல், ஊரில் பிடித்து ஒன்பது நாள் கட்டிவைத்ததில் கயிறு பதிந்த இடம், எல்லாவற்றையும். விசாரித்த பெண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். ஏழு மாதத்தில் இருக்க அனுமதி கிடைத்தது. அவனோடு வந்த காரைநகர்ப் பெடியன் ஒருவன் நடந்த சில விசயங்களை ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டான். அவனுக்கு மறுப்பு வந்தது. பிறகு எங்கே போனான் என்று யாருக்கும் தெரியாது. அன்றிலிருந்து குகநேசனுக்கு ஒரு நம்பிக்கை. இந்த நாட்டில் அலுவலகத்துக்குக் கண் இல்லை, நாங்கள்தான் காட்ட வேண்டும். காட்டினால் எழுதுவார்கள். எழுதினால் ஏதாவது செய்தே ஆக வேண்டும். வீட்டுச் சுவரில் பூஞ்சணம் பிடித்தபோதுகூடப் பதினான்கு படம் எடுத்து அனுப்பினான். இரண்டு வாரத்தில் ஆட்கள் வந்து சுவரை இடித்துக் கட்டிக்கொடுத்தார்கள்.

ஒப்பந்தம் முடியும் அந்த வருடம் மே மாதம் ஊட்வாருக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. ஆறு வாரம் லீவு. அந்த நேரம் பார்த்து ஒஸ்லோ அலுவலகத்திலிருந்து கிரெத்தெ என்ற பொறுப்பாளர் அழைத்தாள். ஒப்பந்தப் பேச்சு வருகிறது, பாதைக்கு எவ்வளவு காசு போட வேண்டும் என்று முதலாளிமாருக்குத் தெரிய வேண்டும், முழுப் பாதையையும் நடந்து ஒவ்வொரு கட்டையையும் பார்த்து எழுத முடியுமா என்று கேட்டாள். எவ்வளவு போட வேண்டும் என்ற சொல் குகநேசனின் காதில் விழுந்து அங்கேயே தங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் கிடந்த ஊட்வாருக்குப் போன் எடுத்துச் சொன்னான். மருந்து மயக்கத்தில் இருந்த ஊட்வார் நானூற்றுக்கு மேல் எழுதாதே என்றான். ஏன் என்று கேட்டதற்கு, "அவர்களுக்குக் கூட்டத் தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தான். எப்போதும் அப்படித்தான், நாலு சொல்லுக்கு மேல் வராது. இவ்வளவு காலமும் மறைத்தது பிடிபடப்போகிறது என்ற பயம்தான் அவனுக்கு என்று குகநேசன் நினைத்தான்.

அந்தச் சனிக்கிழமை ஸ்ட்ரோம்மனில் ஒரு பிறந்தநாள் விழா. ஸ்ரனிஸ்லாஸ் இப்போது பெரிய லொறி ஓட்டுகிறான். குகநேசன் பாதையை அளக்கப்போகும் கதையைக் கேட்டதும் அவனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அங்கை யாழ்தேவி றெயில் ஓடின தண்டவாளக் கட்டையைக் கிளப்பிப் பங்கர் அடிச்சனி. இஞ்சை வந்து கட்டைக்கு வைத்தியம் பாக்கிறாய். பாவத்தைக் கழுவிறியோ?"

"நான் ரெண்டு கட்டைதான் தூக்கினனான். மிச்சம் உன்ரை ஊர்ச் சனம்."

"இவருக்கு வீட்டிலை கட்டில் கால் ஆடுது, அதைப் பாக்க நேரமில்லை" என்றாள் மங்களேஸ்வரி. மேசையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். குகநேசனும் சிரித்தான். அவன் மனம் ஏற்கெனவே பாதையில் நடந்துகொண்டிருந்தது.

நாலு வாரம் நடந்தான். ஒரு கையில் சுத்தியல், மற்றக் கையில் மஞ்சள் ஸ்பிறே. தட்டுவான், மெல்லிய இரும்புக் கம்பியால் குத்துவான், பழுதென்றால் ஒரு கோடு இழுப்பான், கொப்பியில் எண்ணை எழுதுவான். சில இடங்களில் கம்பி வெண்ணெய்க்குள் போவதுபோல் இறங்கியது. திருகாணியை விரலால் தூக்கி எடுக்கலாம். ஒவ்வொரு கோடும் இழுக்கும்போது அவனுக்கு நெஞ்சில் ஒரு ஆறுதல். இவ்வளவு நாளும் வாய் திறக்காமல் கிடந்த பாதைக்குப் பதிலாகத் தான் பேசுவதுபோல இருந்தது. கடைசியில் கூட்டிப் பார்த்தான். எட்டாயிரத்து நானூற்றுப் பதினாறு. இரண்டு தரம் சரிபார்த்து, நாற்பத்தேழு பக்கத்தில் அனுப்பினான்.

ஓகஸ்ட் நடுப்பகுதியில் கிரெத்தெ ஆலைக்கு நேரில் வந்தாள். சாப்பாட்டு அறையில் கோப்பியும் வாஃபலும் வைத்து எல்லோரையும் கூப்பிட்டார்கள். முழங்கால் இன்னும் ஆறாத ஊட்வார் ஊன்றுகோலோடு வந்து கடைசிக் கதிரையில் இருந்தான். கிரெத்தெ அந்த நாற்பத்தேழு பக்கத்தையும் மேசையில் வைத்து, இத்தனை வருட வேலையில் இப்படி ஒரு அறிக்கையைத் தான் பார்த்ததில்லை என்றாள். எல்லோரும் திரும்பிக் குகநேசனைப் பார்த்தார்கள். அவனுக்கு முகம் சூடாகியது.

பிறகு அவள் மிச்சத்தைச் சொன்னாள். இவ்வளவு பழுது என்று எழுத்தில் வந்த பிறகு பழைய வேகத்தில் ரயில் விடச் சட்டம் இடம் தராது. நாளையிலிருந்து மணிக்குப் பதினைந்து கிலோமீற்றர் வேகம்தான். எட்டாயிரம் கட்டை மாற்றுவது கம்பனியால் நினைத்தும் பார்க்க முடியாத காரியம். ஆலைக்காரரோடு பேசியாகிவிட்டது, தை மாதத்திலிருந்து மரம் லொறியில் போகும். முடிவெடுப்பது கஷ்டமாக இருக்கும் என்று பயந்தோம், இந்த அறிக்கை இருந்தபடியால் ஒரே கூட்டத்தில் முடிந்துவிட்டது என்றாள். குகநேசனுக்கு ஒஸ்லோவில் ரயில்கள் நிறுத்தும் யாட்டில் ஒரு நிரந்தர இடம் தயாராக இருப்பதாகவும் சொல்லிக் கை குலுக்கினாள். ஊட்வாருக்கு வேலை தேடித்தரும் அலுவலகத்தின் கடிதம் ஒன்றுதான் கிடைத்தது.

வீட்டுக்குப் போய் அவன் சாப்பிடவில்லை. மங்களேஸ்வரி திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் சொன்னான்.

"உங்களுக்கு வேலை இருக்குத்தானே. பிறகென்ன?" என்றாள்.

"நான் காயத்தைக் காட்டினன் மங்களம். அவை செத்தவீட்டுக்கு நாள் குறிச்சிட்டினம்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

ஒரு வாரம் யோசித்துவிட்டு, ஒரு நாள் லீவு போட்டு ஒஸ்லோ அலுவலகத்துக்குப் போனான். நல்ல சேட்டுப் போட்டிருந்தான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு அலுவலகத்தில் பொய் சொல்லப் போகிறான். கிரெத்தெயின் முன்னால் இருந்து, அறிக்கை பிழை என்றான். அவசரத்தில் போட்டேன், அரைவாசிக்கு மேல் நல்ல கட்டைகள், எனக்கு அந்த அளவுக்குத் தெரியாது, ஊட்வாரைக் கேட்டிருக்க வேண்டும் என்றான்.

அவள் அவனை இரக்கத்தோடு பார்த்தாள். அது அவனுக்கு விளங்கியது. கணினியில் எதையோ தேடி எடுத்துத் திரையை அவன் பக்கம் திருப்பினாள். போன மாதம், அவன் கோடை லீவில் இருந்த நேரம், வெளியிலிருந்து இரண்டு நிபுணர்களை மெஷினோடு அனுப்பி, அவன் கோடு போட்டதில் இருநூறு கட்டையைத் துளைத்துப் பார்த்திருக்கிறார்கள். இருநூறும் பழுது. பக்கத்தில் நல்லதென்று அவன் விட்டதிலும் மூன்று பழுது.

"நீங்கள் குறைத்துத்தான் எழுதியிருக்கிறீர்கள்" என்றாள். "உங்களை நீங்களே தாழ்த்தாதீர்கள்."

அவன் எழும்பி வந்துவிட்டான்.

மறுநாள் ஊட்வார் வழக்கம்போல வானோடு நின்றான். ஊன்றுகோலை விட்டிருந்தான், நொண்டினான். நேற்று எங்கே போனாய் என்று அவன் குகநேசனிடம் கேட்கவில்லை. பதினோராவது கிலோமீற்றர் வந்தபோது குகநேசனே தொடங்கினான். மன்னிப்புக் கேட்க அவனுக்கு நோர்வேஜியச் சொற்கள் எத்தனையோ தெரியும், ஒன்றும் சரியாக வரவில்லை. ஊட்வார் அவனைத் தடுத்தான்.

"எல்லாம் உண்மையிலேயே பழுதுதானே?"

"ஓம். பழுதுதான்."

"எனக்குத் தெரியும்" என்றான் ஊட்வார். "என் தலையில் இருந்தது. தாளில் இருக்கவில்லை."

வானின் பின்னால் கொழுவிய இழுவைப்பெட்டியில் இந்த வருடத்துக் கட்டைகளில் இருபத்தாறு மிச்சம் இருந்தன. டிசம்பர் முடியும்வரை ரயில் ஓடத்தான் வேண்டும், ஊர்ந்தாவது. இருவருமாக ஒரு கட்டையை இறக்கிப் பாதையோரம் இழுத்துப் போட்டார்கள். தார் எண்ணெய் மணம் எழுந்தது. ஊட்வார் தண்டவாளத்தைக் கிளப்பும் ஜக்கைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

"எதை?" என்றான்.

குகநேசன் பாதையைப் பார்த்தான். வளைவுவரை மஞ்சள் கோடுகள், நெருக்கமாக, ஒன்றன்பின் ஒன்றாக. எல்லாம் அவன் கையால் இழுத்தவை. சுத்தியலை எடுத்து ஒன்றைத் தட்டினான். அடுத்ததைத் தட்டினான். எல்லாம் ஒரே மாதிரியே கேட்டது. ஏழு வருடமாக யோசிக்காமல் காட்டிய கால் அசைய மறுத்தது.

ஊட்வார் ஜக்கைக் கீழே வைத்தான். பிறகு தானே ஒரு கட்டைமேல் காலை வைத்தான்.

"இதை எடுப்போமா?"

கால் பட்ட அதிர்வில் குகநேசனுக்குத் தெரிந்துவிட்டது. கோடு போட்டதுதான், ஆனாலும் அதற்கு இன்னும் இரண்டு வருட உயிர் இருந்தது. அதற்கு அங்கால் உள்ளதுதான் மோசம்.

அதைக் காட்டாமல், ஊட்வார் கால் வைத்த கட்டையருகே முழங்காலிட்டுக் கல்லைத் தோண்டத் தொடங்கினான்.