நூல் பிடித்த தாடை

1

இந்தக் கதை என் சிரிப்பிலிருந்து வந்தது. நல்ல சிரிப்பு அல்ல, வாயைப் பொத்திக்கொண்டு மூக்கால் சிரிக்கிற கள்ளச் சிரிப்பு. பெயின்ட் கடைக்கு எதிரே பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் என்னைக் கடந்து போனாள். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். நடுவே இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை நூல் பிடித்தாற்போல் ஒரு கோடு.

அவள் நின்றாள். திரும்பி வந்தாள்.

"சிரிச்சு முடிச்சாச்சா? முடிச்சிட்டா எங்க தப்புன்னு சொல்லுங்க. இன்னும் பத்து நிமிஷம் இருக்கு எனக்கு."

"கழுத்து" என்றேன்.

அவள் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்ற இரண்டு பெண்களைக் கைகாட்டி அழைத்தாள். அடுத்த சில நிமிடங்கள் மூன்று பேரும் என் முன்னால் போட்ட சண்டையிலிருந்து பொறுக்கியதுதான் இந்தக் கதை. விட்டுப்போன இடங்களில் நானே பட்டி பூசியிருக்கிறேன். கை வைத்துத் தடவினால் மேடு தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

தொடக்கம் ஒன்று: அகத்தின் அழகு முகத்தில்—

வேண்டாம். பதினெட்டு வருஷம் வெளிச்சுவர் அடித்தவளின் முகத்தில் தெரிவது வெயில். அகம் அதற்கும் அடியில் எங்கோ கிடக்கிறது.

தொடக்கம் இரண்டு: மாலை வெயில் புதுச்சுவரில் பொன்னாய்—

இதுவும் வேண்டாம். புதுச்சுவரில் சாய்ந்த வெயில் பட்டால் பூச்சின் மேடுபள்ளம் எல்லாம் தெரியும். மேஸ்திரி கத்துவார். பொன்னாவது ஒன்றாவது.

தொடக்கம் மூன்று: ஏணிக்குக் கை தூக்க முடியவில்லை.

இது இருக்கட்டும்.

3

ஏணிக்குக் கை தூக்க முடியவில்லை. ஏணி என்பது, என்னிடம் திரும்பி வந்தாளே, அவளுக்குக் கூட்டாளிகள் வைத்த பெயர். உயரமானவள், எப்போதும் ஏணியின் உச்சிப்படியில் நிற்பவள். (ஏணியில் ஏற முடியாத ஏணி என்று நான் ஏதோ குறியீடு வைத்ததாக நினைக்க வேண்டாம். பெயர் முதலில் வந்தது, தோள்வலி பிறகு வந்தது.) வலது கை தோளுக்கு மேல் போக மறுத்து ஆறு மாதம் ஆகிறது. கூரையின் அடிப்பக்கத்தை இடது கையால் அடித்து ஒப்பேற்றினாள். மேஸ்திரி இரண்டு முறை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் முறை சொல்லிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

அப்போதுதான் பெயின்ட் கடையில் ஆள் தேடுகிறார்கள் என்று தகவல் வந்தது. நிறம் கலந்து கொடுக்கிற வேலை. வருகிறவர்களுக்கு எந்த அறைக்கு எது பொருந்தும் என்று சொல்ல வேண்டும். நிழலில் நிற்கலாம். நிறம் பார்ப்பதில் ஏணியை அடிக்க ஆள் கிடையாது. பழைய சுவரில் நகம் அளவு சுரண்டிக் கொடுத்தால் அதே நிறத்தைக் கலந்து வைப்பாள். ஒட்டுப் போட்ட இடம் வீட்டுக்காரருக்கே தெரியாது.

ஆனால் கடைக்காரர் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியனுப்பினார்: "முகம் கொஞ்சம் பளிச்சுன்னு இருக்கணும்மா."

ஏணிக்கு இரண்டு கன்னத்திலும் மங்கு. ஈரம் ஊறிய சுவரைப் போலத் திட்டுத் திட்டாக.

4

"அதுக்கு எதுக்குடி அழுற மாதிரி மூஞ்ச வச்சிக்கிற?" என்றாள் உப்புத்தாள். "ஒழுகுன சுவரையே மறைச்சுக் குடுத்திருக்கோம். ஒரு சாண் மூஞ்சி நமக்குப் பெரிய விஷயமா?"

உப்புத்தாளுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. சுவரையும் அவள்தான் தேய்ப்பாள், ஆட்களையும் அவள்தான் தேய்ப்பாள். மூன்றாவது ஆள் பட்டிக்காரி. சுவர் வெடிப்புகளைப் பட்டி வைத்து அடைப்பவள், வயதில் சின்னவள், இருவரையும் அக்கா என்பாள்.

இடம், அவர்கள் வேலை செய்துகொண்டிருந்த பாதி முடிந்த வீடு. நேரம், சாப்பாட்டு இடைவேளை. கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளியில் ஏணியை உட்கார வைத்தார்கள். உப்புத்தாள் தன் நாத்தனாரிடம் கெஞ்சி வாங்கி வந்த பையைப் பிரித்தாள். பவுண்டேஷன், பவுடர், கண்மை, பாதி தேய்ந்த லிப்ஸ்டிக்.

ஏணி பவுண்டேஷனைப் புறங்கையில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாள்.

"இது என் நிறம் இல்ல. ரெண்டு படி தூக்கல். ஒரு பொட்டு லிப்ஸ்டிக்கும் ஊசிமுனை அளவு மையும் குடு, கலந்துக்கிறேன்."

"சும்மா கெட. அடுத்தவ சாமானைக் கெடுத்துக் குடுத்தா நாத்தனா என்னை உரிச்சிருவா."

"நிறம் சேராதுடி."

"ரெண்டு கோட்டிங் அடிச்சா சேரும்."

இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்சம் சிரித்தேன். நிறம் கலக்கும் வேலைக்குப் போகிறவளைப் பார்த்து, உனக்கு நிறம் தெரியாது என்கிறாள்.

பிறகு மூவரும் தங்களுக்குத் தெரிந்ததைச் செய்தார்கள். முதலில் ஈரத்துணியால் துடைத்தார்கள். பட்டிக்காரி முகப்பருக் குழிகளை நிரப்பினாள். பூசுவதற்கு முன் உப்புத்தாள் ஒரு காரியம் செய்தாள். ஏணி போட்டிருந்தது அவளுடைய ஒரே நல்ல சட்டை. அதில் கறை படக் கூடாது. ஆகவே ஒரு செய்தித்தாளை மடித்துக் கழுத்தைச் சுற்றி, தாடை ஓரமாக டேப் ஒட்டினாள். சுவர் அடிக்கும்போது தரை ஓரத்துக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் ஒட்டுவது போலவே, சுருக்கம் இல்லாமல், காற்றுப் புகாமல்.

"நல்லா ஒட்டுக்கா. ஓரம் சுத்தமா வரணும்" என்றாள் பட்டிக்காரி.

ஓரம் சுத்தமாக வந்தது.

(கண்ணாடி இல்லையா என்று கேட்பீர்கள். பாதி முடிந்த வீட்டில் கண்ணாடி ஏது? செல்போன் இருந்தது. எடுத்த படத்தைப் பிறகு எனக்கும் காட்டினார்கள். ராணி மாதிரி இருக்கிறாள். படத்தில் கழுத்தைச் சுற்றிச் செய்தித்தாள் இருக்கிறது.)

5

உப்புத்தாள் எனக்குத் தொந்தரவு தருகிறாள். எந்த வரியில் விட்டாலும் அடுத்த வரியையும் அவளே பேசுகிறாள். கதையை எழுதிய ஒரு படியில் அவளை எடுத்துவிட்டுப் பார்த்தேன். முகத்துக்குப் பூச ஆள் இல்லாமல் கதை வாளிமேல் உட்கார்ந்துவிட்டது.

இன்னொரு படியில் அவள்மேல் சந்தேகப்பட்டேன். ஏணியும் அவளும் பதினெட்டு வருஷம் ஒரே சாரத்தில் நின்றவர்கள். ஏணி கடைக்குப் போய்விட்டால் இவள் யாரைத் தேய்ப்பாள்? டேப்பை உரித்தபோது கோடு அவள் கண்ணில் படாமலா இருந்திருக்கும்? வேண்டுமென்றே—

இல்லை. அந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். நான் "கழுத்து" என்று சொன்ன பிறகு, ஏணி கைகாட்டியதும், இருபுறமும் பார்க்காமல் தெருவைக் கடந்து ஓடி வந்தவள் அவள். ஏணியின் தாடையைப் பார்த்ததும் அவள் முகம் செத்துப்போனது. அரையிருட்டான அந்த வீட்டின் வாசலைவிட்டு இறங்கி இந்தத் தெருவுக்கு வந்த பிறகுதான் முதன்முதலாகச் சரியான வெளிச்சத்தில் பார்க்கிறாள். வேலை செய்து பழகிய கண்; சுத்தமான ஓரத்தைக் கண்டதும் திருப்திப்பட்டுவிட்டது. அவ்வளவுதான் அவள் குற்றம்.

"நான் சொன்னேன்ல நிறம் சேராதுன்னு" என்றாள் ஏணி.

"சொன்ன. சொல்லி என்ன? உரக்கச் சொல்லித் தொலைக்கலாம்ல?"

"நீ இருக்கிற எடத்துல யாருடி உரக்கப் பேச முடியும்?"

6

முடிவுகள்.

முதல் முடிவு: கடைக்காரர் கோட்டைப் பார்க்கிறார். வாய் பிளக்கிறார். "இந்த ஓரம் யார் புடிச்சது? இப்படி ஒரு கைய நான் பார்த்ததே இல்ல!" வேலை கிடைக்கிறது. நீங்கள் கைதட்டுவீர்கள். நான் செங்கலும் சுண்ணாம்பும் சுமந்தவர்கள் நடுவில் வளர்ந்தவள். செய்த தவறுக்குப் பரிசு வாங்கிய ஒரு கூலியாளைக்கூட அங்கே பார்த்ததில்லை.

இரண்டாம் முடிவு: நடுத்தெருவில் முகத்தைத் துடைத்தெறிந்துவிட்டு, மங்கோடு, நிமிர்ந்த தலையோடு உள்ளே போகிறாள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனால்தான் சந்தேகம் வந்தது. உப்புத்தாளிடம் இதைப் படித்துக் காட்டினால் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும்: "வேலை கெடைக்கலன்னா நிமிர்ந்த தலைக்கு நீயா சோறு போடுவ?"

மூன்றாவது, நடந்தது. பூச்சுப் பை வேலையிடத்திலேயே கிடந்தது. எடுத்து வர நேரமில்லை. ஏணி கடைப்பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு இடது கட்டைவிரலை நாக்கில் தொட்டு, கன்னத்தில் தடித்திருந்த பூச்சைத் தாடைக்குக் கீழே இழுத்தாள். கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நிறம் எங்கே முடிந்து இன்னொன்று எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி. அதுவரை மூன்று பேர் செய்ததைவிட அந்த ஒரு விரல் நன்றாகச் செய்தது. இடது பக்கம் கோடு காணாமல் போயிற்று.

வலது பக்கத்துக்குப் போனாள். அப்போது எதிரே கடைக் கதவு திறந்தது. "வேலைக்கு வந்தது யாரும்மா? சீக்கிரம், பூட்டிட்டுச் சாப்பிடப் போகணும்."

"அக்கா, வலது பக்கம் அப்படியே இருக்கு!" என்றாள் பட்டிக்காரி.

"இடது பக்கமா நின்னு பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஏணி தெருவில் இறங்கினாள்.

"நண்டு மாதிரி போ" என்றாள் உப்புத்தாள். "போடி. போ."

என் பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன். அடுத்த பஸ்ஸுக்கு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. ஜன்னல் வழியே கடைசியாகப் பார்த்தது, கடை வாசலில் அவள் ஒருக்களித்து நின்றதைத்தான்.

7

ஆகையால் கடைக்காரர் நாற்காலியில் உங்களை உட்கார வைக்கிறேன். வசதியாக உட்காருங்கள். கதவு திறக்கிறது. உயரமான ஒரு பெண் இடது பக்கத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நண்டுபோல் வருகிறாள். எப்படியும் ஒரு கட்டத்தில் திரும்புவாள், கோடு தெரியும். சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள், நானும் சிரித்தேன். ஆனால் சிரித்து முடித்ததும் ஒரு நிறத்தைக் காட்டி, இதைக் கலந்து கொடு என்று கேளுங்கள்.

அது மேசைமேல் இருக்கிற நிறமாக இருக்கட்டும். மேல்தட்டில் இருப்பதை எடுக்கச் சொல்லாதீர்கள்.