சுண்டுவிரல் அளவுப் பொறுப்பு

மீமிசலில் ஐஸ் பிளான்ட்டைத் தன் பெயரில் மட்டும் பதிவு செய்த நாளிலிருந்து ஜெபக்குமாரின் உடம்பு ஐஸாகக் குளிர ஆரம்பித்தது. அந்த வாரம் ஒரு பார் ஐஸ் நூற்றுப்பத்து ரூபாய்க்கு விற்றது. முதல் வருடம் குளிர் விரல்களோடு நின்றது. ஜெனரேட்டருக்கு பேங்க் லோன் வாங்கியதும் முழங்கை வரை ஏறியது. காலையில் அவர் சட்டையில் பூத்திருக்கும் பனியை மனைவி சந்தனமேரி உதறிப்போட்டுவிட்டு இட்லி ஊற்றப் போவாள். வெயிலில் வந்த படகுக்காரர்கள் அவர் பக்கத்தில் நின்று இளைப்பாறிவிட்டுப் போனார்கள். ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சந்தனமேரிக்குத்தான் மனசு ஆறவில்லை. மகள் அறிவுமதி பிறந்த அன்று அவர் ஆசையாய்த் தூக்க, குழந்தையின் உதடு நீலமாகிவிட்டது. அதன் பிறகு நான்கு வருடம் அவர் பிள்ளையைத் தொடவேயில்லை. இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து கதை சொல்லுவார். அவள் பால்வாடிக்குப் போனதும் அவளுடைய பழைய செருப்பை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொள்வார். பிறகு அது விறைத்துக் கிடக்கும், சந்தனமேரி வெயிலில் வைத்து இளக்குவாள். பிளான்ட்டின் கம்ப்ரசர் நின்று, மணமேல்குடி வியாபாரி பீட்டர் அங்கே வைத்திருந்த இறால் மொத்தமும் கெட்டு, அவர் வக்கீல் நோட்டீஸ் விட்ட அன்று குளிர் கழுத்தைத் தொட்டது. இனி ஏறினால் மூச்சுக்கு வந்துவிடும் என்று சந்தனமேரி புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினாள்.

ஆடிட்டர் சுகுணா ஆச்சரியப்படவில்லை. "தனி ஆள் பேர்ல தொழில்னா ஆளு வேற, கடை வேற இல்லைங்க. பிளான்ட்டுக்கு வர்றது ஒங்க வீட்டுக்காரருக்கும் வந்துதான ஆகணும்?" என்றாள். கீரனூரில் செங்கல் சூளைக்காரர் ஒருவருக்குச் சட்டை பொசுங்கிக்கொண்டே இருந்ததாம். கம்பெனியாக்கிய பிறகுதான் பட்டு வேட்டி கட்டுகிறாராம். இப்படியே விட்டால் வரி குறைவு, ஆனால் குளிர் முழுக்க அவருக்கு. பிரைவேட் லிமிடெட் என்றால் கம்பெனி தனி ஆள், குளிரை அதுவே வாங்கிக்கொள்ளும். ஆனால் லாபத்துக்கு அங்கே ஒரு வரி, வீட்டுக்கு எடுத்து வரும்போது இன்னொரு வரி. எல்.எல்.பி., அதாவது பொறுப்புக்கு அளவு வைத்த கூட்டு என்றால் வரி நூற்றுக்கு முப்பது, இப்போது கட்டுவதைவிடக் கூடுதல்தான், ஆனால் ஒரே தடவை. குளிர், போட்ட பங்கு அளவுக்குத்தான். ஒன்று மட்டும், அதில் இரண்டு பேர் சேர வேண்டும், இருவருக்கும் குளிர் வரும்.

திரும்பும் பஸ்ஸில் சந்தனமேரி யோசித்தபடியே வந்தாள். வருகிற லாபத்தில்தான் வீடு நடக்கிறது, இரண்டு வரி தாங்காது. ஒரு வரி கூடினால் வாயைக் கட்டிச் சமாளிக்கலாம். பிள்ளையோ இன்னும் இரண்டு வருடம் போனால் இடுப்பில் உட்காராது.

"ஒனக்கெதுக்கு மேரி இந்தக் குளுரு? எனக்கு வந்தது என்னோட போகட்டும்" என்றார் ஜெபக்குமார்.

"சும்மா இருங்க. ஒங்களுக்கு ஒரு வெரலு, எனக்கு ஒரு வெரலு. மிச்ச ஒடம்பெல்லாம் பிள்ளைக்கு."

பங்கு பணமாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. ஆளுக்கு இடது கைச் சுண்டுவிரல் என்று சுகுணா ஒப்பந்தத்தில் எழுதினாள், யாரும் கேள்வி கேட்கவில்லை. சான்றிதழ் வந்த நிமிடம் சந்தனமேரியின் சுண்டுவிரல் ஜில்லிட்டது. இன்றும் அப்படித்தான் இருக்கிறது, கோடையில் மோருக்குள் விட்டுக் கலக்குகிறாள். ஆனால் ஜெபக்குமாரின் பழைய குளிர் இறங்கவில்லை. அவர் பெயரில் நடந்ததை அவர்தான் தீர்க்க வேண்டுமாம். லோனை பேங்க் சம்மதத்தோடு எல்.எல்.பி.க்கு மாற்றியதும் கை இளகியது. சந்தனமேரி காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்து அவரை மணமேல்குடிக்கு அனுப்பினாள். பீட்டர் இறாலுக்கு ஈடு வாங்கிக்கொண்டு, இனி கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று கையெழுத்துப் போட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் ஜெபக்குமார் உருகினார். பஸ்ஸுக்குள் தண்ணீர் ஓடவே, கண்டக்டர் அவரைப் படிக்கட்டுப் பக்கம் நிற்கச் சொன்னார்.

ஈரச் சட்டையோடு வாசலில் வந்து நின்றார். அறிவுமதி ஓடிவந்து, பழக்கப்படி இரண்டு முழம் தள்ளி நின்றுகொண்டாள். அவர் குனிந்து அவளைத் தூக்கினார். பிள்ளை அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்துப் பதறிப்போனாள்.

"அம்மா, ஓடியா! அப்பாவுக்குக் காச்சலடிக்குது!"

அழுகையும் சிரிப்புமாய் வந்த தாயின் இடது கையை இழுத்து, அந்தச் சுண்டுவிரலை அப்பாவின் நெற்றியில் வைத்தாள். சூடு இறங்குகிறவரை எடுக்கக் கூடாது என்றாள். சூடு இறங்கவில்லை. மூன்று பேரும் அப்படியே நின்றார்கள்.