துரையின் தூரக்கண்ணாடி

உலகத்தில் மனிதர்கள் இரண்டே ஜாதி: பறவையைப் பார்ப்பவன், பறவையைக் கும்பிடுபவன். முன்னவன் ஆள்வான், பின்னவன் கூடை சுமப்பான்.

சென்னையில் எஃப்.ஏ. படித்துவிட்டுத் தங்கச் சுரங்க ஊரான ஊரிகம் திரும்பியிருந்த ஜெயகரன் இந்த உண்மையை, கூடை சுமந்து முன்னால் நடந்த காத்தவராயனிடமே சொன்னான்.

அன்று ஞாயிறு. சுரங்கத்துத் துரை புதுத் தூரக்கண்ணாடியோடு பறவை பார்க்கக் கிளம்பியிருந்தார். பெயர் சொல்ல ஒரு படித்த பையன் வேண்டும். துரைக்குப் பிடித்துப்போனால் ஜெயகரனுக்குக் குமாஸ்தா வேலை. அதற்காக அவன் சர்ச் ஆராதனைக்கே மட்டம் போட்டிருந்தான்.

அவனுக்குத் தெரிந்த பறவைகள் காக்காயும் கோழியும். துரைக்கு அதுவும் தெரியாது. ஆகவே புதரில் குதித்ததற்கெல்லாம் கல்லூரி ஆசிரியர்களின் பெயரோடு ஒரு லத்தீன் வால் ஒட்டிவிட்டான். கணக்கு வாத்தியார் இரண்டு முறை கொக்கானார். துரைக்கு மெய்சிலிர்த்தது.

உச்சிவெயிலில் பாறைக்கு மேல் ஒரு கருடன் வட்டமிட்டது. காத்தவராயன் கூடையைப் பொத்தென்று போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். துரையின் அவித்த முட்டைகள் சரிவில் உருண்டன.

"இன்னாண்ணே இது! எலி துன்ற பறவைக்கு இன்னா கும்புடு?"

"நாளைக்குக் கேஜுல ஏறி சொரங்கத்துக்குள்ள எறங்கணும் தம்பி. கருடனப் பாக்காம நம்ம லைன்ல எவன் எறங்கறான்?"

"கயிறு அறுந்தா கருடன் வந்து புடிச்சிக்குமா?"

"நீ மேலேயே நிக்கறவன், பேசு. கயித்துல தொங்கறவன் நானு."

ஜெயகரன் இதை இங்கிலீஷில் சொல்லித் துரையைச் சிரிக்கவைத்தான். சிரித்த வாயாலேயே துரை வேலையும் கொடுத்தார். தூரக்கண்ணாடியையும் இரவல் தந்தார்.

"காலையில் வந்துவிடு. ஷிஃப்டில் ஆள் கணக்கு எடுக்கவேண்டும்."

"எங்கே, துரைகளே?"

"கீழே. கடைசி லெவலில்."

மறுநாள் ஜெயகரன் சுரங்க ஷாஃப்டின் விளிம்பில் நின்று ஒருமுறை குனிந்து பார்த்தான். உள்ளே இருட்டைத் தவிர வேறு தளவாடம் எதுவும் தென்படவில்லை. கயிறு முனகியது.

"ஏறு தம்பி," என்றான் கேஜுக்குள் இருந்த காத்தவராயன்.

"நீங்க போங்கண்ணே. அடுத்ததுல வரேன்."

அடுத்ததும் போயிற்று. அதற்கடுத்ததும் போயிற்று. ஜெயகரன் தூரக்கண்ணாடியால் வானத்தைத் துழாவிக்கொண்டிருந்தான்.

கடைசியில் பக்கத்துக் கோரமண்டல் சுரங்கத்தின் பக்கம் ஒரு கறுப்புப் புள்ளி அசைந்தது. கருடனோ, காக்காயோ, லத்தீன் கேட்க அங்கே யாரும் இல்லை. அவன் சுவர்ப்பக்கம் திரும்பி, கொசு அடிப்பதுபோல் இரண்டு கன்னத்திலும் மெல்லத் தட்டிக்கொண்டு, கேஜில் ஏறினான்.