களஞ்சியத்துக்குப் பின்னால் நிறுத்த வேண்டிய வண்டி

டீட்ஸ் குடும்பத்தில் பிக்கப் லாரி என்றால் இரண்டே வகை. ஒன்று 'நம்மது', மற்றது 'அவங்களது'. அந்த இரண்டாவது கம்பெனியின் பெயரைச் சாப்பாட்டு மேசையில் யாரும் உச்சரிப்பதில்லை. நானும் இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் பாதி நெப்ராஸ்கா என்னோடு பேசாமல் போய்விடும், மீதிப் பாதி தேவையில்லாமல் கட்டிப்பிடிக்க வரும்.

ஆகஸ்ட் மாதம் நடக்கும் குடும்ப விருந்துக்கு வருகிறவர்களை என் நாத்தனார் ஆர்டித் பண்ணை வாசலில் நின்று பிரித்து அனுப்புவாள். கையில் ஈ அடிக்கிற மட்டை. நம்ம வண்டி என்றால் மட்டை வீட்டுக்கு முன்னால் இருக்கும் மர நிழலைக் காட்டும். அவங்க வண்டி என்றால் களஞ்சியத்துக்குப் பின்னால், ஒட்டுமுள் மண்டிக் கிடக்கிற இடத்தைக் காட்டும். எல்லாம் விளையாட்டுக்குத்தான் என்பார்கள். விளையாட்டாகவே மூன்று தலைமுறை ஓடிவிட்டது. கல்யாணத்துக்கு முன்பு நான் முதல் தடவை அங்கே போனது என் அப்பாவின் வண்டியில். அது அவங்களது. கையில் உருளைக்கிழங்கு சாலட்டும், காலுறை முழுக்க முள்ளுமாக நான் களஞ்சியத்தைச் சுற்றி நடந்து வந்ததை எல்லோரும் ரசித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

பிறகு நான் டீட்ஸ் ஆகிவிட்டேன், நெல்டா டீட்ஸ். அன்றிலிருந்து நிழலில்தான் நிறுத்தினோம். நான் பள்ளிப் பேருந்து ஓட்டினேன், என் கணவன் மெர்ல் வயல் கிணறுகளின் பம்புகளைப் பழுது பார்த்தான். இருவரும் ஓய்வு பெற்றதும் வீட்டை மெர்லின் அண்ணன் மகனுக்கு விற்றுவிட்டு, வண்டியில் இழுத்துப் போகிற டிரெய்லர் வீட்டில் ஊர் ஊராகப் போய் வாழ்வது என்று முடிவானது. எனக்கு இருந்தது ஒரே ஒரு கவலை, என் பியானோ. சுவரோடு ஒட்டி நிற்கிற சின்ன ரகம்தான், ஆனாலும் ஒரு கன்றுக்குட்டியின் எடை இருக்கும். ஒன்பது வயதிலிருந்து தினமும் அதில் வாசிக்கிறேன். நடுவில் ஒரு கட்டை ஒட்டிக்கொள்ளும், அதைத் தட்டித் தட்டி என் சுண்டுவிரலே வளைந்துவிட்டது. அதை விட்டுவிட்டு எந்தக் கடற்கரையைப் பார்த்து நான் என்ன செய்யப் போகிறேன்?

"பியானோ ஏறலன்னா நானும் ஏறல" என்றான் மெர்ல். நான் கேட்காமலே சொன்னான். அதனால் நம்பினேன்.

எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் செய்கிற தப்பை நாங்களும் தவறாமல் செய்தோம். ஓமஹா நகரத்து டிரெய்லர் கண்காட்சியில் முதலில் வீட்டின் மேல் ஆசைப்பட்டு வாங்கிவிட்டு, அதை இழுக்க என்ன வண்டி என்று அப்புறம் யோசித்தோம். நாங்கள் வாங்கிய ரகத்துக்கு 'ஐந்தாம் சக்கரம்' என்று பெயர். தேடினாலும் அப்படி ஒரு சக்கரம் கிடைக்காது. சாதாரண டிரெய்லரை வண்டியின் வாலில் கொக்கி போட்டு இழுப்பார்கள். இதன் மூக்கோ பிக்கப்பின் முதுகிலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். பின்பக்கம் மோட்டார் சைக்கிள் ஏற்ற ஓர் அறை, அறைக்கு முழுச் சுவர் அளவுக்குக் கதவு. கதவைக் கீழே சாய்த்தால் அதுவே சரிவுப் பலகை. மெர்ல் அந்த அறையில் நின்று இரண்டு கையையும் விரித்து அளந்தான். "இங்க பியானோ, இங்க உன் நாற்காலி, இங்க நான்" என்றான். விற்பனைக்காரரை நான் மறுவார்த்தை பேச விடவில்லை.

அடுத்தது பிக்கப். நார்த் பிளாட் நகரத்து வண்டிக் கடையில் 'நம்மது' ஒன்று மினுங்கிக்கொண்டு நின்றது. டீசல் இன்ஜின், தோல் இருக்கை, கண்ணாடிக் கூரை. பொத்தானை அழுத்தினால் உட்காருகிற இடத்தில் குளிர்ந்த காற்று வரும். மெர்ல் ஏறி உட்கார்ந்தவன் பிஷப் மாதிரி ஆகிவிட்டான், இறங்கவே மாட்டேன் என்கிறான். கடைக்காரர் கோர்டி, இது இருபதாயிரம் பவுண்டு இழுக்கும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஆண்கள் இருவரும் குதிரைசக்தி பேசிக்கொண்டிருந்தபோது நான் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கதவுத் தூணில் ஒட்டியிருந்த, வண்டி தாங்கும் எடையைச் சொல்கிற மஞ்சள் சீட்டைப் படித்தேன். எத்தனை வருஷம் பேருந்து ஓட்டியவள் நான். ஏறுவதற்கு முன் அதைப் பார்க்காமல் இருக்க எனக்குத் தெரியாது.

"இழுக்கிறத யாரு கேட்டா, கோர்டி? முதுகுல எவ்வளவு சுமக்கும்?"

கோர்டி நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. இரண்டாயிரத்தை எட்டாது என்று ஒப்புக்கொண்டார். டீசலும் தோலும் கண்ணாடிக் கூரையும் ஆளுக்கொரு பங்கு தின்றுவிட்டனவாம். வண்டி தன் சொகுசைச் சுமக்கவே பாதி பலத்தைச் செலவழிக்கிறது. வீட்டின் மூக்கு மட்டுமே ஏறக்குறைய அவ்வளவு எடை. அதற்கு மேல் நான், அதற்கு மேல் மெர்ல். மெர்ல் ஒன்றும் சிட்டுக்குருவி இல்லை.

அவன் விடுவதாக இல்லை. பியானோவைப் பின்சுவரோடு தள்ளி வைத்தால் வால் கனத்து மூக்கு லேசாகிவிடும், கணக்கு சரியாகிவிடும் என்று கண்டுபிடித்தான். கோர்டியிடம் வண்டியை ஒரு நாள் இரவல் வாங்கி, வீட்டை மாட்டி, பியானோவை வால் நுனிக்குத் தள்ளிக் கட்டி, நெடுஞ்சாலைக்குப் போனோம். நம்ம ஊர்க் காற்றைப் பற்றித்தான் தெரியுமே. கோதுமை வயல் பக்கமிருந்து ஒன்று அடித்ததும் வீடு வாலை ஆட்டத் தொடங்கியது. முதலில் மெதுவாக ஆட்டியது, பிறகு எங்களையும் சேர்த்து ஆட்டியது. உள்ளே பீட்ரூட் ஊறுகாய்ப் பாட்டில்கள் உடைகிற சத்தம் கேட்டது. மெர்ல் ஒருவழியாக ஓரங்கட்டினான். ஸ்டியரிங்கிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தான். எனக்கு உயிரே போய்விட்டது, அதை மறைக்க மாட்டேன்.

மறுநாள் காலை உணவின்போது, மடித்து வைக்கிற மின் பியானோ ஒன்று வந்திருக்கிறதாம், வாசித்தால் வித்தியாசமே தெரியாதாம் என்று தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"மடிக்கிற புருஷன் கூட எங்கயாவது வந்திருப்பான், மெர்ல். விசாரிச்சு வைக்கிறேன்."

அவன் சிரிக்கவில்லை. தாங்கக்கூடிய எளிய வண்டி நம்மதில் பக்கத்தில் எங்கும் கிடைக்கவில்லை, அவங்க கம்பெனியில் ஒன்றுக்கு இரண்டாக இருந்தது, அது அவனுக்கும் தெரியும். அதைப் பற்றி நான் வாய் திறந்தபோது, அவன் அப்பாவின் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஒரு வண்டியின் நெற்றியில் ஒட்டியிருக்கிற தகரத் துண்டுக்கு நான் ஈடில்லையா? விருந்து முடிந்த வாரமே வீட்டுச் சாவியைக் கொடுத்தாக வேண்டும். பியானோவை எடுத்துக்கொள்ள முடியுமா என்று தேவாலயத்தில் கேட்டேன். ஏற்கெனவே இரண்டு இருக்கிறது, மூன்றாவதை மாடிப்படிக்கு அடியில் வைக்கலாம் என்றார்கள். மாடிப்படிக்கு அடியில் துடைப்பம் வைப்பார்கள். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் மெர்ல் போல்ட்டு வாங்கி வருவதாகச் சொல்லிக் கிளம்பினான். திரும்பி வந்தபோது அவன் ஓட்டி வந்தது பூசணி நிறத்தில் ஒரு பிக்கப். மாவட்டச் சாலைத் துறை ஏலத்தில் விட்டது. பின்னால் இரட்டைச் சக்கரம், ரப்பர் தரை, கையால் சுற்றி இறக்குகிற கண்ணாடி. இருக்கையில் உட்கார்ந்தால் கிறீச்சென்று சத்தம் வருகிறது. முன்னால் சின்னம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிற ஒட்டுநாடா, ஒன்றன்மேல் ஒன்றாக நாலு பட்டை.

"ஒரு வார்த்தை பேசாத" என்றான்.

பேசவில்லை. கதவைத் திறந்து சீட்டைப் படித்தேன். கோர்டி கடையில் மினுங்கிய வண்டியைப் போல இரண்டு மடங்கு சுமக்கும். பிறகும் நான் பேசவில்லை, ரப்பர் தரையில் நின்றபடியே அவன் வழுக்கையில் முத்தம் கொடுத்தேன்.

அன்றைக்கே தானியக் கிடங்குக்குப் போனோம். கோதுமை லாரிகளை எடை போடுகிற மேடையில் முதலில் பிக்கப்பை ஏற்றினோம், பிறகு வீட்டையும் சேர்த்து ஏற்றினோம். இந்தத் தடவை பியானோ வால் நுனியில் இல்லை, சக்கரங்களுக்குப் பக்கத்தில், நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. தண்ணீர்த் தொட்டி நிறைய, மெர்லின் கருவிப் பெட்டி, புதிய ஊறுகாய்ப் பாட்டில்கள், நாங்கள் இருவர், எல்லாம் சேர்த்தும் அளவுக்குள் நின்றது. கிடங்குக்காரர் ஹார்லன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, இன்னொரு மனைவியையும் ஏற்றலாம் என்றார். திரும்பி வரும்போது அதே நெடுஞ்சாலை, அதே காற்று. வீடு அசையவில்லை. நான் வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தேன். கண்ணாடியை இறக்க மெர்ல் கையால் சுற்று சுற்றென்று சுற்றினான், அதுவும் தாளத்தோடு.

விருந்து நாள் வந்தது. போக வேண்டாமா என்று நானே கேட்டேன். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது? மெர்ல் தொப்பியை எடுத்து மாட்டினான்.

பண்ணை வாசலில் ஆர்டித் மட்டையோடு நின்றாள். பூசணி நிறம், முகத்தில் பிளாஸ்திரி. அவள் ஒரு கணம் திகைத்தாள், பிறகு தம்பியைப் பார்த்தாள், பிறகு ஒட்டுநாடாவைப் பார்த்தாள். மட்டை எந்தப் பக்கமும் போகவில்லை. அவள் எப்படியும் தம்பியை நிழலுக்கு விட்டிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். மெர்ல் நிற்கவே இல்லை. மர நிழலைத் தாண்டி, வரிசையாக நின்ற நம்ம வண்டிகளைத் தாண்டி, சாப்பாட்டு மேசைகளில் இருந்த அத்தனை பேரும் முட்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்க, வீட்டோடு களஞ்சியத்துக்குப் பின்னால் போய் ஒட்டுமுள்ளின் நடுவில் நிறுத்தினான். இறங்கினான். குனிந்து முன்னாலிருந்த நாடாவைப் பட்டை பட்டையாகக் கிழித்தான். தன் சட்டைக் கையாலேயே சின்னத்தைத் துடைத்தான்.

"நீ அன்னிக்கு இங்கதான நிறுத்துன?" என்றான்.

இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. அவனுக்கு ஞாபகம் இருக்கும் என்று நான் நினைக்கவும் இல்லை.

அவன் பின்பக்கம் போய்ச் சரிவுக் கதவை இறக்கினான். பியானோ வெயிலைப் பார்த்தது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் அப்பாவுக்குப் பிடித்த போல்கா நடனப் பாட்டு ஒன்றைத் தொடங்கினேன். முதலில் பிள்ளைகள் வந்தார்கள். பிறகு பிள்ளைகளைத் தேடிக்கொண்டு அம்மாக்கள். பிறகு தட்டும் கையுமாக மற்றவர்கள், பீர் எங்கே போகிறதோ அங்கே போகிறவர்கள். யாரோ சரிவுப் பலகையிலேயே ஆடத் தொடங்கினார்கள். வீடு ஆடியது, பிக்கப் ஆடவில்லை. யாரோ மேசையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், பின்னாலேயே இன்னொரு மேசையும் வந்தது. ஒட்டுமுள் யாரையும் விடவில்லை, டீட்ஸ் குடும்பம் முழுக்கக் காலுறையைப் பிய்த்துக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தது. நான் இதைக் கண்ணாரப் பார்த்தேன், கைகள் தம்பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தன.

கடைசியாகத்தான் ஆர்டித் வந்தாள். ஒரு கையில் ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்புப் பண்டம், மறு கையில் மட்டை. பூசணி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். சின்னத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள்.

"மறைச்சே வச்சிருக்கலாம், மெர்ல்" என்றாள்.

"சுமக்கிறது அதுதான, ஆர்டித். அதோட மூஞ்ச எதுக்கு மூடணும்?"

அவள் கொண்டுவந்ததை அந்த வண்டியின் இன்ஜின் மூடி மேலேயே வைத்து வெட்டத் தொடங்கினாள், முதல் துண்டை எனக்குக் கொடுத்தனுப்பினாள். அப்போது வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. தாமதமாக வந்த ஏதோ சொந்தக்காரன், நம்ம வண்டி, எங்கே நிறுத்துவது என்று கேட்டுக்கொண்டிருந்தான். ஆர்டித் களஞ்சிய மூலைக்குப் போய், அங்கிருந்தே மட்டையைத் தூக்கி எங்களைக் காட்டினாள்.

"இந்தப் பக்கம் கொண்டு வா" என்று கத்தினாள். "எல்லாரும் இங்கதான் இருக்கோம்."

நான் ஒட்டிக்கொண்ட கட்டையைச் சுண்டுவிரலால் தட்டி எடுத்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து வாசித்தேன்.