எர்த் பார்க்கவும்

1989 ஆகஸ்ட் 8, செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணி. ஓசூரில் எங்கள் கம்பெனியின் அசெம்பிளி அறை. ஜன்னலோர மேசையின் தலைப்பக்கம் மேனேஜர் குப்புராஜ். அவருக்கு வலப்பக்கம் பேப்பரும் பேனாவுமாக, லைன் இன்சார்ஜ் மரியசூசை ஆகிய நான். எதிரே நாற்காலி நுனியில் டிரெய்னி ராஜமேரி. அவளுக்குப் பக்கத்தில், நாற்காலி போதாததால் கவிழ்த்த மரப்பெட்டி மேல், சீனியர் குள்ளம்மாள். மேசை நடுவில், ஒரு டிபன் மூடியில், கருகிய ரயில் இன்ஜின்.

இன்ஜின் என்றால் என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். வெளிநாட்டில் பெரியவர்களே வீட்டுக்குள் தண்டவாளம் போட்டு ஓட்டும் பொம்மை ரயில். தண்டவாளத்தில் கரண்ட் கொடுத்தால் அதன்மேல் நிற்கிற எல்லா இன்ஜினும் ஒன்றாக ஓடும். டீகோடர் என்ற சின்ன சர்க்யூட்டை உள்ளே வைத்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். தன் நம்பரைக் கூப்பிட்டால் மட்டும் நகரும். சாம்பிளுக்காகப் பொருத்திக் காட்ட ஆறு இன்ஜினும் ஆறு டீகோடரும் எங்களிடம் வந்தன. ஐந்து ஓடின. ஆறாவது, நேற்று மாலை தண்டவாளத்தில் வைத்ததும் புகைந்தது.

"யாரு கை வேலைன்னு பெங்களூர் ஹெட் ஆபீஸ்ல கேக்கறாங்க," என்றார் மேனேஜர். "நாலு மணித் தபால்ல லெட்டர் போகணும். பேர எழுதுங்க மரியசூசை, முடிஞ்சுது."

பேர் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வெள்ளிக்கிழமையோடு ராஜமேரிக்கு ஆறு மாதப் பயிற்சி முடிகிறது. வேலை நிரந்தரமா, பெட்டியைக் கட்டுவதா என்று அன்றைக்குச் சொல்வார்கள். சாம்பிளை எரித்தவள் என்று எழுத்தில் போய்விட்டால் வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவே தேவையில்லை.

"அஞ்சும் நான் பண்ணதுங்க சார், பூவாட்டம் ஓடுது," என்றாள் குள்ளம்மாள். "ஆடி பதினெட்டுக்குத் தீர்த்தமலைக்குப் போயிட்டு வரதுக்குள்ள இந்தப் புள்ள பொகையப் போட்டு வச்சிருக்குது. ஏ புள்ள, சாம்பிராணி போட இன்ஜின்தான் கெடச்சுதா?"

"நீங்கதான் லீவுல போயிட்டீங்களேக்கா, நான் யாரக் கேக்கறது?" ராஜமேரி என் பக்கம் திரும்பினாள். "சீட்டுல எழுதியிருந்ததத்தானுங்க சார் செஞ்சேன்."

சீட்டு என் கையெழுத்து. இன்ஜின்களோடு வந்த இங்கிலீஷ் குறிப்பைப் பதினொரு வரியில் தமிழாக்கி, நம்பர் போட்டு, மேசை மேல் ஒட்டியிருந்தேன். மேனேஜர் குனிந்து, ராஜமேரி விரல் வைத்த ஏழாவது வரியைப் படித்தார். "எர்த் பார்க்கவும். சரியாத்தான இருக்குது?"

"அதாங்க சார், மீட்டர் வச்சுப் பாத்தேன். இல்ல. அதனால குடுத்தேன்."

"என்னாத்தக் குடுத்த?"

"எர்த்துங்க சார். எங்கப்பா தொப்பூர்ல லாரிக்கு வயரிங் பண்றாரு. லைட் எரியலைன்னா, எர்த் பாரு மேரின்னுவாரு. எர்த் இருக்குதான்னு பாக்கணும். இல்லைன்னா ஒரு வயர வுட்டு பாடில குடுக்கணும்."

மேனேஜர் மேசையைத் தட்டிச் சிரித்தார். குள்ளம்மாளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த இன்ஜினின் மோட்டாருக்குக் கரண்ட் போகும் முனைகள் இரண்டு. இரண்டும் டீகோடரோடு மட்டும் சேர வேண்டும்; ஒன்று இன்ஜினின் உடம்பைத் தொட்டாலும் டீகோடர் போய்விடும். எர்த் ஆகியிருக்கக் கூடாது, அதைப் பார்க்கவும் என்றுதான் எழுத நினைத்தேன். பதினொரு வரியும் ஒரே அளவில் அழகாக இருக்கட்டும் என்று சுருக்கினேன்.

இதை அப்போதே சொல்லியிருக்கலாம். பேப்பரை நேராக்கி வைத்தேன்.

"லாரியும் இதுவும் ஒண்ணா?" மேனேஜர் எழுந்தார். "உங்க பேரு சூப்பர்வைசர் போஸ்ட்டுக்குப் போயிருக்குதுங்க மரியசூசை. அத மனசுல வச்சுக்கிட்டு எழுதுங்க. நீங்களே கையெழுத்துப் போட்டு அனுப்பிச்சிடுங்க."

பெங்களூரில் இதையெல்லாம் படிக்கிற அதிகாரி சேலத்துக்காரர். தமிழே போதும். நாள், இடம், பொருள் எழுதினேன். 'டிரெய்னி ராஜமேரியின் கவனக்குறைவால்' என்று ஆரம்பித்தேன். எழுதியதை வாய்க்குள் ஒருமுறை படித்துப் பார்ப்பது பள்ளிக்கூடத்தில் வந்த பழக்கம். படித்தேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து லென்ஸை எடுத்துக் கருகிய இன்ஜினைப் பார்த்தேன். மோட்டார் முனையிலிருந்து உடம்புக்குத் தலைமுடி கனத்தில் ஒரு செம்புக் கம்பி. அதன் பற்றவைப்பு கடுகில் பாதிகூட இல்லை, பளபளவென்று இருந்தது. மற்ற ஐந்திலும் இவ்வளவு சுத்தமான வேலை கிடையாது. இதற்குக் கவனக்குறைவு என்றா பேர்?

தாளைக் கசக்கினேன். வேறு தாளில் 'தவறான புரிதலால்' என்று எழுதினேன். யாருடைய புரிதல் என்று அடுத்த வரியில் சொல்லியாக வேண்டும். உட்கார முடியவில்லை. குள்ளம்மாளிடம் போனேன்.

"ஏம்மா, எர்த் பார்க்கவும்னா நீ என்னான்னு நெனச்ச?"

"அந்தச் சீட்ட ஆருங்க சார் படிச்சா? நீங்க கையில காட்டுனீங்க, செஞ்சேன்." பற்றவைக்கும் அயர்னை நிறுத்தாமலே சொன்னாள்.

ஆக, அந்தச் சீட்டை நம்பி வேலை செய்தவள் ஒருத்திதான்.

மணி மூன்று. ஐந்து இன்ஜினையும் நம்பர் நம்பராகக் கூப்பிட்டு ஓட்டினேன். எதற்கென்று தெரியவில்லை. ஐந்தும் சொன்னபடி கேட்டன. மூன்றாவது தாளை எடுத்தேன்.

'ஏழாவது வரியை எழுதியவன் நான். எர்த் இருக்கக் கூடாது என்பதற்குப் பதில், எர்த் பார்க்கவும் என்று எழுதிவிட்டேன். இருக்க வேண்டும் என்றும் அதைப் படிக்கலாம். ராஜமேரி அப்படிப் படித்து, மீட்டரில் சோதித்து, குறையின்றிப் பற்றவைத்திருக்கிறார். ஒட்டியிருந்த சீட்டும் திருத்திய சீட்டும் இணைப்பு. திருத்திய வரி: மோட்டார் முனை இரண்டும் இன்ஜின் உடம்பைத் தொடக் கூடாது, மீட்டர் முள் அசைந்தால் மேலே செய்யாதே.'

கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது ராஜமேரி பக்கத்தில் நின்றிருந்தாள்.

"எம்பேர எழுதிட்டீங்களா சார்?"

"எழுதியிருக்கேன்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கடிதத்தை நீட்டினேன். "ஒட்டறதுக்கு முன்னாடி படிச்சிப் பாரு. புரியலைன்னா இப்பவே கேளு."

நின்றபடியே படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"புரியுதுங்க சார்." கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "அப்ப உங்க சூப்பர்வைசர் போஸ்ட்டு என்னாங்க சார் ஆகும்?" என்றாள்.

"நாலு மணிக்குத் தபால் கட்டு கட்டிடுவாங்க. அந்தப் பசைய எடு."

எடுத்துக் கொடுத்தாள். கடிதத்தையும் இரண்டு சீட்டையும் கவரில் போட்டு ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தேன். சைக்கிளில் ஏறினேன். ஆபீஸ் ரூம் ஜன்னலில் மேனேஜர் தலை தெரிந்தது. பார்க்காத மாதிரி மிதித்தேன். தபால் ஆபீசில் கட்டுப் பையின் வாயை இறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இருங்க, ஒண்ணு இருக்குது!"

"கடைசி நிமிசத்துலதான் வருவீங்களா?" என்றபடி கிளார்க் வாங்கினார். தபால்தலை மேல் முத்திரை டொக்கென்று விழுந்தது. "என்னங்க, கவர் இன்னும் ஈரமா இருக்குது?"

"ஒட்டிக்கும்ங்க. போடுங்க."

பைக்குள் போட்டார்.