றிப்தாவின் நுளம்புகள்

...வேலையையும் எடுத்துக்கொண்டு இப்போது கையையும் கேட்கிறாளே, நன்றாக இருக்கிறது கதை, என்று நினைத்தபடி பெற்றீசியா சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினாள், வலைக்கூட்டுக்குள் நுளம்புகள் பசியோடு ஒட்டிக்கொண்டிருந்தன, டெங்கு நுளம்புதான், ஆனால் ஆய்வுகூடத்திலேயே பிறந்து வளர்ந்த, நோயில்லாத பிறவிகள், பெண் நுளம்பு இரத்தம் குடித்தால்தான் முட்டையிடும், முட்டை இருந்தால்தான் அடுத்த மாதம் றிப்தா தன் போஸ்ட்டொக், கலாநிதிப் பட்டத்துக்குப் பிந்திய அந்தச் சம்பள ஆய்வை, தொடங்கலாம். தன் போஸ்ட்டொக். பேராதனையில் இந்தப் பிரிவுக்கு வந்த ஒரே ஒரு இடம், இரண்டு பேரும் விண்ணப்பம் போட்டார்கள், கிடைத்தது நேற்று வந்த பிள்ளைக்கு... கலாநிதிப் பட்டம் வாங்கி ஐந்து வருடம் தாண்டியிருக்கக் கூடாதாம், பெற்றீசியாவுக்கு ஆறு, அதில் இரண்டு வருடம் பிள்ளை பெற்று வளர்த்ததில் போனது, மிச்சம் தற்காலிக விரிவுரையாளர் என்ற பெயரில் போனது, தெல்தோட்டைக் கோயிலில் அம்மா மெழுகுதிரி கொளுத்தியதெல்லாம் அந்த விதிக்கு எங்கே தெரியப்போகிறது. வயிறு எரிந்தது, அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க முடியாது, எரிந்தது. காலையில் கலகெதர வீட்டிலிருந்து றிப்தாவின் போன், "பெற்றீசியாக்கா, வேல கெடச்சதுக்கு உம்மா சொந்தக்காரங்களுக்கெல்லாம் சாப்பாடு குடுக்கணும்னு நிக்கிறாங்க, இன்டைக்கி வரக் கெடைக்காது. நீங்க ஒருக்கா கையக் குடுப்பீங்களா?" இவளும் "அதுக்கென்னம்மா, நான் பாத்துக்கிறேன், நீ சந்தோஷமா இருந்துட்டு வா" என்றாள், அந்தத் தேன் குரல் எந்தத் தொண்டையிலிருந்து வந்ததோ.

கொடுக்காமல் விட்டால் என்ன... யாருக்குத் தெரியும், நுளம்பு சில நாள் கடிக்காது, "குடிக்கலம்மா, என்ன செய்ய" என்றால் முடிந்தது, இந்தத் தொகுதி முட்டையிடாமலே செத்துப்போகும், பேராசிரியர் முகம் சுளிப்பார், றிப்தாவுக்கு மூன்று மாதமாவது இழுபடும், இழுபடட்டுமே. கூட்டின் துணிவாய்க்கு முன்னால் கை நின்றது. போன நோன்பு மாதம் இப்படி நிற்கவில்லை. நோன்போடு தலை சுற்றுகிறது என்று றிப்தா கதிரையில் சாய்ந்தபோது, அவள் கேட்காமலே, "நீ உக்காரு, நான் குடுக்கிறேன்" என்று இதே கை அந்த மாதம் முழுக்க உள்ளே போனது, தடித்துப்போய் இரவெல்லாம் அரித்தது, ரொஹான், பாவம், கட்டின மனுஷன், களிம்பு பூசிவிட்டுத் திட்டினான், இவள் சிரித்துக்கொண்டே "சின்னப் பிள்ளதானே, நம்மள விட்டா அவளுக்கு யாரு" என்றாள். அதே பிள்ளை, அதே கூடு... அப்போது அவள் மாணவி, ஒவ்வொன்றையும் இவளிடம் கேட்டுக் கேட்டுச் செய்தவள். கை எப்போது உள்ளே போனதென்று தெரியவில்லை, பழக்கம் இழுத்திருக்கும், முதலாவது கடித்தது, பிறகு நாலைந்து, ஒன்றின் வயிறு சிவந்து உப்பியது. வயிற்றெரிச்சல் மட்டும் கொஞ்சமும் குறையவில்லை. எனக்குக் கீழே இருந்த வரைக்கும்தான் அவள் எனக்குப் பிள்ளையா, என்று அவள் தன்னையே கேட்டுப் பார்த்தாள், இல்லை என்று சொல்லிவிட ஆசையாக இருந்தது, சொன்னால் அது பொய்யாகிவிடும்.