பெயருக்கு முன்னால் ஒரு சிலுவை

வடக்கே எங்கோ இருக்கும் இராணுவப் பதிவகத்திலிருந்து அந்த உறை வந்து சேர ஐந்து மாதம் ஆனது. அது வந்த அன்றே மாலை நான்கு மணிக்குக் கல் கொத்துகிறவர் கோயிலுக்கு வருகிறார். அதற்குள் கையில் பேப்பர் இருந்தால் தாத்தாவின் பெயர் கல்லில் ஏறும். இல்லாவிட்டால் இல்லை.

டார்லின் வேலை பார்ப்பது பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில். உறையைப் பிரித்துவிட்டு, அவள் முதலில் அப்பாவுக்குப் போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. இரண்டாம் பக்கத்தை இரண்டு முறை படித்தாள். பிறகு உறைக்குள்ளேயே வைத்து அதன்மேல் ஸ்டேப்ளரைத் தூக்கி வைத்தாள்.

அடுத்த ஞாயிறு அசனப் பண்டிகை, சபையார் கூடி உட்கார்ந்து விருந்து சாப்பிடும் நாள். அன்றைக்கு, யுத்தத்துக்குப் போன சபையாரின் பெயர்களை வெட்டிய கல் ஒன்றைக் கோயில் முகப்பில் திறக்கிறார்கள். அவள் அப்பா ஜேசுதாசன், பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், தன் அப்பா சத்தியநேசனின் பெயரையும் சேர்க்கச் சொல்லி சபைக் கூட்டத்தில் முதல் ஆளாய்க் கை தூக்கினார். நாற்பத்திரண்டில் ஜில்லாவில் ஆள் சேர்த்த வாலண்டியர் பட்டாளத்தில் அவர் இருந்தார் என்பது வீட்டில் எல்லாரும் நம்பிய கதை. தாத்தா இறந்த பிறகு அவருடைய ஆர்மோனியப் பெட்டிக்குள் பட்டாளத்துப் பித்தளை வில்லை ஒன்றும், நம்பரும் அவர் பெயரும் எழுதிய சீட்டும் கிடைத்தன; கதை அதிலிருந்து பிறந்ததுதான். தாத்தா உயிரோடு இருந்தவரை யுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. சாவை நேரில் பார்த்தவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள் என்று அப்பா அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்.

கமிட்டிச் செயலாளர் எபி அந்தக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். "உங்க அப்பா பெட்டி வாசிச்ச வாத்தியார்லா அண்ணாச்சி. துப்பாக்கியை எப்பத் தூக்கினாரு? பேப்பர் கொண்டாங்க, வெட்டிருவோம்."

எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அப்பா கோயிலில் வழக்கமான இடத்தில் உட்காருவதில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, ஆசீர்வாதம் முடிந்ததும் முதல் ஆளாக வெளியே வந்துவிடுவார்.

டார்லின் ஸ்டேப்ளரை எடுத்துவிட்டு மறுபடியும் படித்தாள். முதல் பக்கத்தில் குறையே இல்லை. பெயர் சத்தியநேசன். அவருடைய தகப்பனார் பெயர், ஊர், எல்லாம் சரி. வயது பதினெட்டு, சான்று ஞானஸ்நானச் சீட்டு. இரண்டாம் பக்கத்தில் அங்க அடையாளங்கள். இடது கை மோதிர விரல் நடுக்கணுவுக்கு மேல் இல்லை. அதற்குக் கீழே, 1944 ஜூன், அஸ்ஸாமில் ஓர் இராணுவ ஆஸ்பத்திரி, காய்ச்சலில் மரணம். அதற்கும் கீழே இருந்த விலாச வரிக்கு அவள் கண் ஒருமுறையும் இறங்கவில்லை.

தாத்தா இறந்தது எண்பத்தேழில், இதே பாளையங்கோட்டையில். வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தில் அவருடைய இரண்டு கைகளும் ஆர்மோனியக் கட்டைகள் மேல் விரிந்திருக்கின்றன. பத்து விரல்களையும் எண்ணலாம்.

தச்சநல்லூரில் இருக்கும் அப்பாவின் அக்கா கிரேஸ் அத்தைக்குப் போன் போட்டாள்.

"என்னட்டி, காலங்காத்தால? உங்க அப்பனுக்கு என்னமும் ஆயிட்டா?"

"ஒண்ணுமில்ல அத்தை. தாத்தாவுக்குக் கையில விரல் எல்லாம் ஒழுங்காத்தானே இருந்துச்சு?"

"இது என்ன கேள்வி? நான் பாட்டுல ஒரு இடம் தப்பினா பத்து விரலும் என் முதுகுல பதியும். இன்னைக்கும் எண்ணிச் சொல்லுவேன்."

"நம்ம வீட்ல யாருக்காவது விரல் இல்லாம..."

பின்னால் குக்கர் விசில் அடித்தது. "எங்க சித்தப்பாவுக்கு. வேதமுத்துன்னு பேரு. சின்ன வயசுல கெணத்துல தண்ணி எறைக்கிற கமலைக் கயித்துல சிக்கி மோதிர விரல் பாதி போச்சுன்னு சொல்லுவாவ. நான் அந்த ஆளைக் கண்ணால கண்டதில்ல. இப்ப எதுக்கு அவரை இழுக்க?"

"சும்மாதான் அத்தை."

"ஆச்சி கம்மலைத் தூக்கிட்டுப் பதினாறு வயசுல கொழும்புக்கு ஓடுன ஆளு. அங்கன பெரிய கடை வச்சிருக்கான், ஒரு நாள் கார்ல வந்து எறங்குவான்னு ஆச்சி சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே கெடந்தா. எங்க அப்பா அதை ஆமான்னும் சொன்னதில்ல, இல்லன்னும் சொன்னதில்ல. நம்ம வீட்டு ஜெபத்துல அந்தப் பேரை எடுக்கது கெடையாது, பாத்துக்கோ."

போனை வைத்த பிறகுதான் டார்லினுக்கு இன்னொன்று நினைவு வந்தது. தாத்தாவின் ஞானஸ்நானச் சீட்டு வீட்டில் எப்போதும் இருந்ததில்லை. பென்ஷனுக்கே அவர் கோயிலில் எழுதிக் கேட்டு நகல் வாங்கினார். தொலைந்துவிட்டது என்றுதான் சொல்லியிருக்கிறார்.

பதினாறு வயதுக்காரனைப் பட்டாளத்தில் எடுக்க மாட்டார்கள். பதினெட்டு வயது அண்ணனின் சீட்டைக் காட்டினால் எடுப்பார்கள்.

அப்படியானால் அப்பாவிடம் என்ன சொல்வது? உங்க அப்பா பட்டாளத்துக்கே போகலை என்றா? கடைசி பெஞ்சும் இல்லாமல் போய்விடும். எபி அண்ணாச்சி சிரிப்பதுகூடப் பரவாயில்லை. சாயங்காலத்துக்காக நேற்றே வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணி வைத்திருக்கும் அப்பாவின் முகத்தை யார் பார்ப்பது?

கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில் அவள் முதல் பக்கத்தை மட்டும் மெஷினில் வைத்தாள். அடியில் இரண்டில் ஒன்றாம் பக்கம் என்று அச்சிட்டிருந்தது. வெள்ளைத் தாளில் ஒரு கீற்று நறுக்கி அந்த இடத்தில் வைத்து மூடினாள். தினமும் யாராவது ஒருவர் செய்யச் சொல்லி, முடியாது என்று அவள் திருப்பி அனுப்பும் வேலை. நகல் சுத்தமாக வந்தது. உறையைப் பையின் அடியில் சோற்று டப்பாவுக்குக் கீழே தள்ளினாள்.

நான்கு மணிக்குக் கோயில் முகப்பில் கறுப்புக் கல் சுவரில் சாய்ந்து நின்றது. ஆறு பெயர்கள் ஏற்கெனவே வெட்டியாகிவிட்டன. கல் கொத்துகிற குற்றாலலிங்கம் தரையில் அமர்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தார். எபி மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி நகலைப் படித்தார்.

"சரியாத்தான் இருக்கு. ஒரிஜினல் எங்க?"

"வீட்ல இருக்கு," என்றாள் டார்லின். சொன்னது அவள் காதிலேயே விழவில்லை.

"விடுங்க, முத்திரைதான் தெரியுதே. அண்ணாச்சி, நான் அன்னைக்குக் கேட்டதை மனசுல வச்சுக்கிடாதீங்க."

"நான் எதையும் வைக்கலைவே," என்றார் ஜேசுதாசன். ஆனால் சிரிப்பை அடக்க முடியாமல் கல்லைத் தடவிக்கொண்டிருந்தார்.

குற்றாலலிங்கம் பென்சிலை எடுத்தார். "சத்தியநேசன். முன்னால சிலுவை உண்டுமா?"

"செத்தவங்களுக்கு மட்டும்தான் சிலுவை," என்றார் எபி. "திரும்பி வந்தவங்களுக்குக் கெடையாது."

"எங்க அப்பா அங்கனயே செத்திருந்தா நான் எங்கேருந்து வந்தேன்?" என்றார் ஜேசுதாசன். மூவரும் சிரித்தார்கள். குற்றாலலிங்கம் ஸ்கேலைக் கல்லில் வைத்துக் கோடு இழுத்தார். முதல் எழுத்து பென்சிலில் விழுந்தது.

டார்லினுக்கு அஸ்ஸாம் எப்படி இருக்கும் என்று தெரியாது. ஒரு கட்டிலும், அதன்மேல் பாதி விரல் இல்லாத ஒரு கையும்தான் கண்ணுக்குள் வந்தன. சாகும்போது பதினெட்டு வயது. அவள் குனிந்து சோற்று டப்பாவை வெளியே வைத்தாள். உறையை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள். அவர் வாங்கிப் பிரித்தார்.

அவர் ஆங்கிலத்தை விரல் வைத்துத்தான் படிப்பார். விரல் ஓரிடத்தில் நின்றது. பிறகு இறங்கியது. மறுபடியும் நின்றது.

"என்ன அண்ணாச்சி?" என்றார் எபி.

ஜேசுதாசன் தாளைக் கொடுத்தார். எபி படித்துவிட்டு டார்லினைப் பார்த்தார், பிறகு கல்லை. "விரல் இல்லாம, இது யாரு?"

"எங்க சித்தப்பா. வேதமுத்து." ஜேசுதாசன் படியில் உட்கார்ந்தார். "கொழும்புக்கு ஓடிட்டாருன்னு சொல்லிக்கிட்டிருந்தோம்."

"அவரு பேர் இதுல எங்க இருக்கு?"

"கடைசி வரியைப் பாரும்."

தகவல் தெரிவிக்க வேண்டியவர் என்ற இடத்தில் இருந்தது: தம்பி வேதமுத்து, கல்லிடைக்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூட விலாசம். அந்தப் பள்ளிக்கூடத்தில் அப்போது வாத்தியாராக இருந்தது சத்தியநேசன். பையன் அண்ணன் பெயரைத் தான் எடுத்துக்கொண்டு, தன் பெயரை அண்ணனுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

"செத்த சேதியும் பித்தளை வில்லையும் அப்பாகிட்ட வந்தது அப்படித்தான்," என்றார் ஜேசுதாசன். "ஆச்சி கொழும்புக் கடையைப் பத்திப் பேசும்போதெல்லாம் அவரு எந்திரிச்சு வெளியே போயிருவாரு. யுத்தம் ஞாபகம் வந்திருக்கும்னு நான் பின்னால நெனச்சுக்கிட்டேன்."

குற்றாலலிங்கம் தொண்டையைக் கனைத்தார். "இப்ப நான் என்னத்தை வெட்ட?"

"சிலுவை போட்டு வேதமுத்துன்னு வெட்டும்."

"அது முடியாது அண்ணாச்சி," என்றார் எபி. இந்த முறை குரலில் கேலி இல்லை. "ரெக்கார்டுல உள்ள பேரைத்தான் வெட்டணும்னு தீர்மானம். நான்தான் எழுதினேன். சத்தியநேசன்னா இப்பவே வெட்டலாம்."

"சிலுவை போட்டா எங்க அப்பா செத்துட்டாருன்னு ஆகும். போடலன்னா சித்தப்பா சாகலன்னு ஆகும். ரெண்டும் வேண்டாம்."

"அப்ப கமிட்டியில வைக்கணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள நடக்காது."

"ஒரு வரி இடம் விடச் சொல்லும். நான் வாரா வாரம் வந்து கேப்பேன். உமக்குத்தான் தொந்தரவு."

குற்றாலலிங்கம் துணியை நனைத்துப் பென்சில் எழுத்தைத் துடைத்தார். அந்த இடம் மட்டும் கொஞ்ச நேரம் ஈரமாக, மற்ற இடத்தைவிடக் கறுப்பாக இருந்தது.

ஜேசுதாசன் நகலைக் கையில் எடுத்து அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முப்பது வருஷம் கிளார்க்காக இருந்தவர். "இங்கன ஒரு வரி இருந்திருக்கும்லா. மறைச்சியா?"

டார்லின் தலையை ஆட்டினாள். அடி விழாத வயதுதான், ஆனாலும் தோள் தானாக ஒடுங்கியது.

"உங்க தாத்தா நாப்பத்திமூணு வருஷம் மறைச்சாரு. உன்னால ஒரு நாள் முடியல." அவர் எழுந்திருக்க அவள் கையைப் பிடித்தார். பிடி இறுக்கமாகத்தான் இருந்தது. "உங்க அத்தைக்குப் போன் போடு."

"என்ன சொல்லணும்ப்பா?"

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். எங்கிட்ட குடு."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. அத்தை எடுக்க நேரமாகும், முழங்கால் வலி. ஜேசுதாசன் போனைக் காதில் வைத்தபடி, இடது கை மோதிர விரலை மடக்கிப் பார்த்தார். மற்ற விரல்களும் கூடவே மடங்கின. அவர் விரித்துவிட்டு மறுபடியும் மடக்கினார்.

"அக்கா," என்றார். "சித்தப்பா ஓடிப்போகல."